காலுள்ள மீன்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், கரம்பொன் கரையில் கடலுக்கு ஆழம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வற்று நேரத்தில் எவ்வளவு தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறாது. சாதாழைப் புல் காலைச் சுற்றும். திருக்கை முள்ளுக்குப் பயந்து பாதத்தைத் தூக்கி வைக்காமல் சேற்றோடு அரைத்து அரைத்து நடக்க வேண்டும். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் காலில் படுகிற தரையும் சேர்ந்துதான்.

பத்திநாதரின் மகன் றெக்ஷனும் அங்கேதான் நண்டு வலை போட்டுப் பழகினான். இழுவை வலை போடுகிற றோலர்கள் வந்து அடித்தரையை வாரிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு இருந்த வலையும் அறுந்தது, மீனும் அற்றுப்போனது. அவன் திருகோணமலைக்குப் போனான். அங்கே சின்னப் படகு வைத்துத் தொழில் செய்கிற ஜோர்ஜ் என்பவர் தாய் வழியில் உறவு. அவர் சொல்லி ஒரு பலநாள் படகில் ஏறினான். சூறை மீனுக்குப் போகிற படகு, போனால் வாரக்கணக்கில் திரும்பாது. முதல் பயணம் முடித்து வந்தபோது முகம் கறுத்து, தோள் அகன்று, வேறு ஆள் மாதிரி இருந்தான். சாப்பிடும்போது மட்டும் பழைய றெக்ஷன். குசினி வாசலில் நின்றபடியே புட்டை அள்ளித் தின்றான். அடுத்த பயணம் வாடைக் காற்றின் கடைசியில். அதிலிருந்து அவன் வரவில்லை. படகும் வரவில்லை. ஒரு பலகை கூட எங்கேயும் ஒதுங்கவில்லை.

தாய் ஜசிந்தா அழவில்லை. நீரோட்டம் படகைப் பர்மாப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், அங்கே பிடித்துச் சிறையில் போட்டிருப்பார்கள் என்றாள். அது விசர்க்கதை அல்ல. அப்படிப் போய், வருடங்கள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் உண்டு. அதனால் பத்திநாதரும் நம்பினார், அயலும் நம்பியது. பங்குச் சுவாமியும் இறந்தோர் பூசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்குகிற நேரம் பர்மாவிலிருந்து சிலர் விடுபட்டு வந்தார்கள். அவர்களில் றெக்ஷன் இல்லை. அவனையோ அந்தப் படகையோ கண்டவர்களும் இல்லை. பத்திநாதர் நீர்கொழும்பு வரைக்கும் போய் அவர்களில் ஒருவனைச் சந்தித்துக் கேட்டுவிட்டு வந்தார். வந்து சொன்னபோது ஜசிந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, அடுப்பில் உலையை வைத்தாள். அன்றோடு சிறையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது.

பிறகுதான் மற்றது தொடங்கியது.

ஒரு மத்தியானம் புருசனும் பெண்சாதியும் கரையில் படங்குச் சீலை கட்டிய நிழலில் இருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நண்டு கழற்றுவது பொறுமையான வேலை. கால் ஒடியாமல், கடி வாங்காமல், நூலை ஒவ்வொரு மூட்டாக விலக்க வேண்டும். கால் ஒடிந்த நண்டைக் கொம்பனிக்காரன் எடுக்க மாட்டான். காற்று அன்றைக்கு விழுந்திருந்தது. சோளக காலத்தில் அப்படி விழுவது அபூர்வம். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. ஜசிந்தா கை கழுவ இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என்ன, திருக்கை ஏதும் மிதிச்சிட்டீரோ?" என்று பத்திநாதர் கேட்டார்.

"இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சேருங்கோ, தம்பி நடந்து வாறான்" என்றாள்.

மகனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பத்திநாதர் கரைக்கு வருகிற ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"அங்கால இல்லை. கடலுக்குள்ளால. அடித்தரையில நடந்து வாறான். எனக்குக் காலில தெரியுது."

வெயில் தலையில் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள், மறுபடி நண்டு கழற்றினாள். ஒரு கால் கூட ஒடியவில்லை.

அன்றிலிருந்து அவள் தினமும் இறங்கி நின்றாள். கறி கூட்டி இறக்கிவிட்டு, கையில் மஞ்சள் மணக்க, போய் நிற்பாள். சேலைக் கரை நனையும். வந்து சொல்லுவாள். திருகோணமலையிலிருந்து கரையோரமாக ஏறி இப்போது முல்லைத்தீவுக்கு நேரே வருகிறான். அங்கே சேறு கூடுதல், அதுதான் சுணங்குகிறான். இப்போது சுண்டிக்குளம் தாண்டிவிட்டான். அயல் வீட்டு விசேடத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்வது போலச் சொல்லுவாள். குரலில் அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. அதுதான் பத்திநாதருக்குப் பயமாக இருந்தது. அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வளவில் இருக்கிற பத்திநாதரின் தமக்கை எமிலி இதைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளே போய்ச் சுவாமியைக் கூட்டிவந்தாள். சுவாமி இளம் ஆள், நல்ல மனது. விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பிள்ளையின் ஆத்துமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் எல்லோருக்கும் ஒரு ஆறுதல் என்று மெதுவாகச் சொன்னார். ஜசிந்தா கோபப்படவில்லை. "நடந்து வாற பிள்ளைக்கு ஆரும் இறந்தோர் பூசை வைப்பினமோ சுவாமி?" என்று மட்டும் கேட்டாள். சுவாமி குவளையைக் கீழே வைத்துவிட்டு எமிலியைப் பார்த்தார். எமிலி நிலத்தைப் பார்த்தாள்.

அவள் பருத்தித்துறை என்று சொன்ன வாரத்தில் ஒரு விடியற்காலை பத்திநாதர் வலை எடுக்கப் போனார். தண்ணீர் நன்றாக வற்றி, வீட்டுக்கு நேரே சேறு வெறுமையாகக் கிடந்தது. அதில் கால் தடங்கள் இருந்தன. கடலிலிருந்து கரைக்கு வருகிற தடங்கள். பெரிய பாதம், விரல்கள் அகன்றவை. கரையிலிருந்து கடலுக்குப் போன தடம் ஒன்றும் இல்லை. நண்டுக்காரர் யாராவது வள்ளத்தில் வந்து இறங்கி நடந்திருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அவர் ஒவ்வொரு தடமாகக் காலால் அரைத்து அழித்தார். அழித்து முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அதை அவர் எமிலியிடமும் சொல்லவில்லை, சுவாமியிடமும் சொல்லவில்லை.

அன்று பகல் சாப்பிடும்போது ஜசிந்தா சொன்னாள், அவன் காரைநகருக்கு நேரே வந்ததும் தான் இறங்கிப் போகப் போவதாக. எங்கே என்று கேட்டார். எதிரே போய்க் கூட்டிவர என்றாள். "இவ்வளவு நாளும் கீழயே நடந்தவனுக்கு ஏறி வரத் தெரியாது. வழியில நிண்டிடுவான்." சொல்லிவிட்டு அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை சொதி விட்டாள்.

காரைநகருக்கும் கரம்பொனை ஒட்டின ஊர்காவற்றுறைக்கும் நடுவிலே கப்பல் போகிற வாய்க்கால் இருக்கிறது. அங்கே மட்டும் கால் எட்டாது. அவளுக்கு நீந்தவும் தெரியாது.

பத்திநாதர் மகளுக்குப் போன் எடுத்தார். கிறிஸ்ரினா றெக்ஷனுக்கு மூத்தவள். யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாக இருந்தாள். அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, லீவு போட்டுக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். என்ன சுகமில்லை என்று அவள் கேட்டபோது, வந்தபின் பேசுவோம் என்றார். போனில் அதை எந்த வசனத்தில் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பஸ் தரிப்பில் அவளை ஏற்றப் போனபோதும், வேலணை தாண்டி வீடு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வந்தபோதும் பிடிபடவில்லை. "அம்மா கொஞ்சம் குழம்பிப் போய் இருக்கிறா. நீ பாத்துக் கதை" என்றார். அவ்வளவுதான்.

கிறிஸ்ரினாவின் பையில் ஒரு போத்தல் இருந்தது. அதைப் பற்றி அவளும் தகப்பனிடம் சொல்லவில்லை.

ஜசிந்தா மகளுக்கு நண்டுக் கறியும் முருங்கையிலை வறையும் குழல் புட்டும் செய்து வைத்திருந்தாள். நண்டின் சதையைத் தானே ஓட்டிலிருந்து எடுத்து மகளின் கோப்பையில் வைத்தாள். கொழும்பில் சாப்பாடு எப்படி, தலைமயிர் ஏன் இப்படிக் கொட்டுகிறது, எண்ணெய் வைப்பதில்லையா என்று விசாரித்தாள். கிறிஸ்ரினாவுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றியது. ஒன்றை மட்டும் கவனித்தாள். தாய் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைச் சீமெந்துத் தரையில் பதித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

பின்னேரம் விறாந்தையில் வெயில் சாய்ந்தபோது கிறிஸ்ரினா போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு தட்டில் ஈரத் துணி விரித்து, உள்ளே இருந்ததை இடுக்கியால் எடுத்து வைத்தாள். ஸ்பிரிட் மணம் பரவியது. பத்திநாதர் அந்தப் பக்கம் தூணில் வலையைக் கட்டி அறுந்த கண்களைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜசிந்தா முன்றில் கூட்டி முடித்து விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"இது என்ன பிள்ளை?"

"மீன் அம்மா."

"மீனோ? இதுக்கென்ன கால்?"

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தலையும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்து அப்பம் மாதிரி வட்டமாகத் தட்டையாக இருந்தது. அதன் பின்னால் ஒரு மெல்லிய வால். இரண்டு பக்கமும் முழங்கை மடிந்த கைகள் போல இரண்டு செட்டைகள் வெளியே நீண்டு நின்றன. கவிழ்த்துப் பார்த்தால் தொண்டைக்குக் கீழே இன்னும் இரண்டு, சின்னது. நிறம் போய் வெளிறியிருந்தாலும் முதுகில் மட்டும் ஒரு மங்கலான ரோசா மிச்சம் இருந்தது. முதுகு முழுக்க முள். ஒவ்வொரு முள்ளும் அடியில் நட்சத்திரம் போல வேர் விட்டிருந்தது. கண் இரண்டும் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தன, மனிதரின் கண் இருக்கிற மாதிரி.

ஆங்கிலத்தில் இதற்கு வௌவால் மீன் என்று பெயர் என்று கிறிஸ்ரினா சொன்னாள். வாவலோ என்று ஜசிந்தா கேட்டாள். நாங்கள் குழம்பு வைக்கிற வாவல் இல்லை, இது வேறு சாதி என்றாள் மகள். "கால் இல்லை அம்மா, செட்டைதான். ஆனா இது பெரிசா நீந்தாது. செட்டையை ஊண்டி நடக்கும்."

"நடக்குமோ?"

"ஓம். அடித்தரையில."

பத்திநாதர் வலை ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழும்பி, மகளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரைக் காணவில்லை. ஜசிந்தா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எங்க நடக்கிறது?"

"திருகோணமலைக்கு வெளியில. அங்க கரையில இருந்து கொஞ்சம் போனோடன தரை விழுந்திடும், மலைச்சரிவு மாதிரி. அந்தச் சரிவில நானூறு ஐந்நூறு பாகம் ஆழத்தில, சேத்தில கிடக்கும். இஞ்ச மட்டுமில்லை. அந்தமான் பக்கம், சுமாத்திராப் பக்கம், அப்பிடிச் சரிவு இருக்கிற இடமெல்லாம் கிடக்கு."

"அங்க வெளிச்சம் போகுமோ?"

"ஒரு பொட்டும் போகாது."

"குளிரோ?"

"சரியான குளிர்."

"இருட்டுக்குள்ள எப்பிடி இரை தேடும்?"

கிறிஸ்ரினா மீனின் மூக்குக்குக் கீழே இருந்த சின்னக் குழியை இடுக்கி முனையால் காட்டினாள். அதற்குள் ஒரு குட்டித் தூண்டில் மடிந்து கிடந்தது. வேண்டுமென்றால் வெளியே நீட்டும், வேண்டாமென்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது மணம் விட்டு இரையைக் கூப்பிடுகிறது என்று நினைக்கிறார்கள், சரியாக ஒருவரும் கண்டதில்லை என்றாள். தேடிப் போகாது, ஓரிடத்தில் காலை ஊன்றிக்கொண்டு காத்திருக்கும்.

"என்ன தின்னும்?"

"சின்ன நத்தை, புழு, கூனி இறால்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை அம்மா."

"செத்ததுகள் ஏதும்... பெரிசா ஏதும் வந்து கிடந்தா?"

அப்போதுதான் கிறிஸ்ரினாவுக்குத் தாய் எதைக் கேட்கிறாள் என்று விளங்கியது. இடுக்கியை வைத்துவிட்டு மீனைக் கையால் தூக்கி அதன் வாயைக் காட்டினாள். "பாருங்கோ, எவ்வளவு சின்ன வாய். கடிக்கப் பல்லும் இல்லை, அரம் மாதிரி ஒரு சொரசொரப்புத்தான்." ஜசிந்தா தன் சுண்டுவிரலை அந்த வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நகத்தின் நுனி மட்டும் போனது. "ஓம்" என்று சொல்லி விரலை எடுத்தாள். முகத்தில் ஏதோ ஒன்று இளகினது போல இருந்தது.

பிறகு மீனை மகளின் கையிலிருந்து வாங்கினாள். வாங்கித் திருப்பி, முதுகை வெயிலுக்குக் காட்டினாள். முள்ளுகளுக்கு நடுவே, வால் தொடங்குகிற இடத்தில், ஒரு நூல் சிக்கியிருந்தது. ஒரு விரல் நீளம். பச்சையும் வெள்ளையும் சேர்த்து முறுக்கின நூல்.

கிறிஸ்ரினா அதைக் கொழும்பில், லென்சுக்குக் கீழே, முதல் நாளே கண்டிருந்தாள். பிடுங்க மனம் வரவில்லை. மற்றவர்கள் பிடுங்கி எறியும்படி விட்டு வரவும் மனம் வரவில்லை. அதனால்தான் படம் வரைய வேண்டும் என்று சொல்லிப் போத்தலைத் தன்னோடு கொண்டுவந்தாள். தாய்க்குக் காட்டுவதா இல்லையா என்று வவுனியா வரைக்கும் யோசித்தாள். பிறகு யோசிக்கவில்லை.

வலை நூலில் இரண்டு நிறத்தை எடுத்துத் துடையில் வைத்து உருட்டி முறுக்கித் தைப்பவள் அந்த ஒழுங்கையில் ஜசிந்தா ஒருத்திதான். ஒற்றை நூல் உப்பில் நிற்காது என்பாள். றெக்ஷன் திருகோணமலைக்குப் போகிற நேரம் நீலப் படங்கில் வெட்டி, உடுப்பு வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தது அந்த நூலால்தான்.

"இது எதுக்குள்ள இருந்தது?" என்று கேட்டாள்.

கிறிஸ்ரினா சொன்னாள். சொல்லச் சொல்லப் பத்திநாதர் மேசைக்குக் கிட்ட வந்து நின்றார். ஆராய்ச்சிக் கப்பலில் அவளையும் கூட்டிப் போனார்கள். சரிவில் நெடுக வலை இழுத்தார்கள். வலை ஏற ஒரு காலைப் பொழுது பிடித்தது. சேறு, கல், உடைந்த பவளம், பெயர் தெரியாத இறால், அவைகளுக்கு நடுவே ஒரு நீலப் படங்குப் பை. வாய் திறந்து, உள்ளே சேறு நிறைந்திருந்தது. அந்தச் சேற்றின் மேல் இந்த மீன் இருந்தது. கப்பல் ஆள் ஒருவர் மீனைத் தட்டில் எடுத்துப் போட்டுவிட்டுப் பையை உதறி, மற்றக் குப்பையோடு சேர்த்துக் கடலில் வீசிவிட்டார். அவருக்கு என்ன தெரியும். அவள் பக்கத்தில்தான் நின்றாள். தையலைக் கண்டாள். நில் என்று சொல்ல வாய் வரவில்லை. பை கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு தாழ்ந்துவிட்டது.

பத்திநாதர் கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஜசிந்தா கேட்ட கேள்வி பையைப் பற்றியது அல்ல.

"வலையால எடுக்கேக்க இதுக்கு உயிர் இருந்ததோ?"

"இருந்தது."

"பேந்து?"

"தட்டில ரெண்டு அடி வைச்சது. அப்பிடியே நிண்டிட்டுது. இந்த மீன் மேல வந்தா இருக்காது அம்மா. இஞ்சத்தச் சூடு ஆகாது, இந்த வெளிச்சம் ஆகாது. கீழ உள்ள தண்ணிப் பாரத்தில பிறந்து அதுக்குள்ளயே இருக்கிற உடம்பு. இந்தச் சாதியில ஒண்டைத்தானும் ஆழம் குறைஞ்ச கடலில ஒருத்தரும் கண்டதில்லை."

"தானா நடந்து ஏறி வந்தா?"

"வராது. வந்தா வழியிலயே செத்துப்போம்."

ஜசிந்தா மீனைத் தட்டில் வைத்தாள். ஈரத் துணியின் ஓரத்தை இழுத்து, வெயில் படாமல் அதை மூடினாள்.

"இஞ்சேருங்கோ" என்று புருசனைக் கூப்பிட்டாள். "அவனை ஏற விடக்கூடாது. மேல வந்தா என்ர பிள்ளை செத்துப்போவான்."

கிறிஸ்ரினா தகப்பனைப் பார்த்தாள். அவர் அவளை முற்றத்து வேம்புக்குக் கீழே கூட்டிப்போய், அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். முல்லைத்தீவு, சுண்டிக்குளம், பருத்தித்துறை. வாய்க்கால். கடைசியில் கால் தடங்களையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் அழிச்சிட்டன்" என்றார், ஏதோ பிழை செய்தவர் மாதிரி. கிறிஸ்ரினா கடல் இருக்கிற பக்கம் பார்த்தாள். காற்று மறுபடி விழுந்திருந்தது. கரையில் கட்டியிருந்த வள்ளங்களில் ஒன்று மட்டும், யாரோ அதில் ஏறி இறங்கினது போல, மெதுவாக ஆடி நின்றது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று கிறிஸ்ரினா சொன்னாள். பத்திநாதரும் ஓம் என்றார். ஆனால் ஜசிந்தா அதற்குள் பயணத்துக்கு உடுப்பு அடுக்கத் தொடங்கியிருந்தாள். திருகோணமலைக்குப் போக வேண்டும், அந்தப் பை கிடந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றாள். அவன் பருத்தித்துறைக்கு வந்துவிட்டதாகச் சொன்னீரே, பிறகு ஏன் அங்கே என்று பத்திநாதர் கேட்டார். அவள் விறாந்தைத் தரையில் பாதத்தை வைத்துப் பார்த்தாள். அவன் பையைத் தேடித் திரும்பிவிட்டான் என்றாள். தான் கையால் தைத்துக் கொடுத்த பையை விட்டுவிட்டு வர மாட்டான் என்றாள். அதற்கு மேல் அவளோடு வாதாட இருவருக்கும் துணிவு இல்லை. அவள் வாய்க்கால் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

திருகோணமலைக்கு வந்து ஜோர்ஜுக்கு விசயத்தைச் சொன்னபோது அவர் கேள்வி கேட்கவில்லை. றெக்ஷனைப் படகில் ஏற்றிவிட்டது அவர். அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்கப் பயந்து இவ்வளவு காலமும் கரம்பொன் பக்கம் வராமல் இருந்தவர். வெயில் ஏற முதல் போவோம், மத்தியானத்துக்குப் பிறகு காற்றுக் கிளம்பும் என்றார்.

ஜோர்ஜ் தன் சின்னப் படகின் பின்னால் எஞ்சினைப் பிடித்தார். நடுவில் பத்திநாதரும் ஜசிந்தாவும். முன்னால் கிறிஸ்ரினா, கப்பலில் குறித்த இடத்தைப் போனில் வைத்துக்கொண்டு கையால் திசை காட்டினாள். ஜசிந்தா கறுப்புச் சேலை உடுத்தவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். மடியில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பூவும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை.

கரையில் பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாகியது. பிறகு, யாரோ கோடு கிழித்து விட்டது போல, ஓரிடத்தில் நீலம் முடிந்து கறுப்புத் தொடங்கியது. தரை விழுகிற இடம் இதுதான் என்று ஜோர்ஜ் சொன்னார். பத்திநாதர் விளிம்புக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உடனே தலையை இழுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கடலில் நின்ற மனுசன். அவருக்குத் தலை சுற்றியது.

கிறிஸ்ரினா கையைத் தூக்கியதும் ஜோர்ஜ் எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்றது. ஒரு பறவையும் இல்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கூட இல்லை. சோளக காலத்தில் அந்தக் கடல் அப்படிக் கிடந்து தான் கண்டதில்லை என்று ஜோர்ஜ் பிறகு பலரிடம் சொன்னார்.

ஜசிந்தா முழங்காலில் இருந்து, விளிம்பில் சாய்ந்து, முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பத்திநாதர் அவளுடைய சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். சோறு ஆறுகிறது, வா என்று கூப்பிடுகிற குரல்தான்.

கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கீழே பார்த்துப் பேசினாள்.

"நடந்தது காணும். இனி ஏறி வராத. மேல சூடு, வெளிச்சம், உனக்கு ஒத்துக்கொள்ளாது. உன்ர பை அங்கதான் கிடக்கு, எடுத்துக்கொள். அங்கயே இரு தம்பி. நாங்கள் பேந்து வருவம்."

உள்ளங்கையை விரித்துத் தண்ணீரின் மேல் வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. வைத்தபடி இருந்தாள். கிறிஸ்ரினா வாயைப் பொத்திக்கொண்டு படகின் முனையில் குந்தியிருந்தாள். அந்தக் கைக்குக் கீழே நேராக நானூறு பாகம் ஆழத்துக்கு இருட்டு என்பதும், அந்த இருட்டின் தரையில் என்னென்ன காலை ஊன்றிக்கொண்டு காத்திருக்கின்றன என்பதும் அந்தப் படகில் அவளுக்குத்தான் தெரியும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன் உள்ளங்காலில், படகின் பலகைக்குக் கீழிருந்து, மெதுவான ஒரு தட்டு வந்ததாக அவளுக்குப் பட்டது. எஞ்சின் ஆறுகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஜசிந்தா கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். திரும்பி இருந்தாள்.

"கேட்டிட்டானோ?" என்று பத்திநாதர் கேட்டார். அப்படிக் கேட்பார் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"நிண்டிட்டான்" என்றாள்.

ஜோர்ஜ் கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பினார். கறுப்பு நீலமாகி, நீலம் பச்சையாகி, கோணேசர் மலையும் அதற்குக் கீழே வெள்ளையாக நுரை தள்ளுகிற கல்லுகளும் தெரியத் தொடங்கின. மலை நன்றாகத் தெரிகிற தூரம் வந்ததும் ஜசிந்தா புருசனின் பக்கம் சாய்ந்தாள்.

"ஊருக்குப் போனோடன சுவாமியிட்டச் சொல்லுங்கோ. பூசைக்கு நாள் வைக்கட்டும்."

பத்திநாதர் "ஓம்" என்றார். சுற்றியிருந்த சேலைத் தலைப்பைக் கையிலிருந்து அவிழ்க்காமலே, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.